மோப்பம்

ரேடியோ ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகப் போனில் சொன்னதிலிருந்தே அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கல்லூரியில் வேதியியல் வகுப்பே அலறும்படி ஓயாமல் பேசி அந்தப் பெயரை வாங்கியவள் அவள். படிப்பு முடிந்த பிறகு பேச்சுமூச்சு இல்லை. இப்போது திடீரென்று, “சும்மா உன்னைப் பாக்கணும்போல இருந்துச்சு” என்கிறாள்.

“சும்மா யாருங்க வருவா? சோப்பு, சத்துமாவுன்னு எதையாவது தலையில கட்டிட்டுப் போவா. ஏமாந்துடாதீங்க” என்று எச்சரித்துவிட்டு மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவன் பயம் சோப்பைப் பற்றியதல்ல. பெயிண்ட் தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்ப்பது அவன் வேலை. கெட்ட சரக்கை வாசனையிலேயே பிடிக்க வேண்டிய ஆளுக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. டப்பாவைத் திறந்து முகர்வதுபோல் பாவனை செய்து, பக்கத்தில் நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தே காலத்தை ஓட்டினான். மனைவிக்குக்கூடத் தெரியாது. போன மாதம்தான் முதலாளி ஆட்குறைப்பு என்று பேச்செடுத்திருந்தார்; அதிலிருந்து யார் திடீரென்று தேடிவந்தாலும் வேவு பார்க்கத்தானோ என்று தோன்றியது.

ரேடியோ வெறுங்கையோடு வந்தாள். அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது.

“நம்மகூடப் படிச்ச குண்டு இப்ப ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடமே நடுங்குதாம். அந்தக் கவிஞன் சிமென்ட் விக்கிறான், பேச்சும் அப்படியே இறுகிப்போச்சு” என்று சிரித்தாள். அவனும் சிரித்தான்.

“நீ எங்க இருக்க?”

“தண்ணி பரிசோதிக்கிற லேப்ல. ஆமா, உங்க ஃபேக்டரில நெடி அதிகமா? தாங்குதா?”

“பழகிடுச்சு.”

“சாப்பாட்டு ருசியெல்லாம் தெரியுதா? கை கால் மரத்துப் போகுதா?”

பழைய தோழி கேட்கிற கேள்வியா இது? முதலாளிதான் இவளை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டான்.

“என் மூக்குக்கு என்ன? ரெண்டு தெரு தள்ளி என்ன சமைக்கிறாங்கன்னு சொல்லுவேன்” என்று ஒரே போடாகப் போட்டான்.

“நான் மூக்கைப் பத்திக் கேக்கவே இல்லையே” என்றாள் அவள்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, டீ போடும் சாக்கில் சமையலறைக்குள் நழுவினான். அடுப்பைத் திருகினான். லைட்டர் பற்றவில்லை. மனசெல்லாம் கூடத்திலேயே இருந்ததால், திருகியதை மறந்து அலமாரியில் தீப்பெட்டியைத் துழாவினான். கிடைத்தது. குச்சியை எடுத்தபோது ரேடியோ பாய்ந்து வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். அடுப்பின் திருகை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள்.

“வாசல் வரைக்கும் கேஸ் நாறுது! உனக்குத் தெரியலையாடா?”

அவன் கீழே விழுந்த குச்சியைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டான். அப்போதும் சந்தேகம் விடவில்லை.

“உண்மையைச் சொல்லு. உன்னை யார் அனுப்பினது? எங்க முதலாளியா?”

அவள் வலது கையை நீட்டினாள். விரல்கள் நடுங்கின.

“கடைசி வருஷம் ஜன்னலே இல்லாத உள்ரூம்ல நாம நாலு பேரும் கெமிக்கல் நெடியில ப்ராஜெக்ட் பண்ணோமே. எனக்குக் கை போச்சு. குண்டுக்கு மூக்கு போச்சு. அந்த ரூம்தான் காரணமான்னு தெரியலை. மத்தவங்களையும் விசாரிக்கச் சொன்னார் டாக்டர். நேரா கேட்டா பயந்துபோய் இல்லாத நோயையெல்லாம் சொல்லுவீங்க, அதான் சுத்தி வளைச்சேன்.”

அவள் போனதும் கவிஞனுக்குப் போன் போட்டான். தரம் பார்க்கிறவனாயிற்றே, எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

“உன் வீட்டுக்கும் வந்தாளா?” என்றான் கவிஞன். “என்னமோ வேவு பாக்குற மாதிரி கேள்வி. எனக்கு ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டேன்.”

“நானும் அதைத்தான் சொன்னேன். பொய். எனக்கு மூக்கு வேலை செய்யலை.”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“பேனா பிடிச்சா எழுத்து கோணுதுடா” என்றான் கவிஞன். “வயசுன்னு நினைச்சேன்.”

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தித் தீர்த்துவிட்டு, அடுத்த வாரம் டாக்டரிடம் தானும் கூட வந்தாள். நண்பர்கள் நான்கு பேரும் ஒன்றாக உள்ளே போனார்கள். போன மூக்கு திரும்புவது கஷ்டம், நடுக்கம் முற்றாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பிறகு, அந்த அறையில் இவர்களுக்குப் பின்னால் படித்தவர்கள் யார் யார் என்று கேட்டார்.

ரேடியோ அவனைப் பார்த்தாள். பெயர்ப் பட்டியல் கேட்க அவன் கல்லூரிக்குப் போன் போட்டான்.