நூறில் ஓடிய வண்டி

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று மஸ்கட்டிலிருந்து போனில் பேசும்போது வின்சி சொன்னாள்: "ஹாஸ்டல்ல ஒரு பிள்ளைட்ட கம்ப்யூட்டர் இருக்குங்க. நம்ம கார் ரேஸ் அதுல தண்ணி மாதிரி ஓடுது. நம்மளுது நொண்டுமே!"

சொல்லிவிட்டுச் சிரிப்பாள் என்று மரிய ஜெரால்டு காத்திருந்தான். சிரிக்கவில்லை. ஒரு வருஷமாகப் போனில் அவன் தேடுவது அந்தச் சிரிப்பைத்தான்.

பள்ளத்தூரில் கணக்கு வாத்தியார் அவன். கல்யாணமான சில மாதங்களிலேயே அவள் நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறிவிட்டாள். அதற்குமுன் சாயங்காலமானால் இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அவன் வளைவில் முட்டும்போதெல்லாம், "பிரேக்கப் போடுங்க, பிரேக்கப் போடுங்க!" என்று கத்திக் கத்திச் சிரிப்பாள். ஈஸ்டர் பாஸ்காவுக்கு லீவு கேட்டிருந்தாள். வரும்போது வண்டி நொண்டக்கூடாது என்று அவனுக்கு வைராக்கியம் பிறந்தது.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த வீரபாண்டியன் அவனோடு படித்தவன். அவன் வழி சொன்னான்.

"உன் மெமரி அறுபத்தாறு வேகத்துக்குன்னு செஞ்சது மாப்ளே. செட்டிங்ல நூறுக்கு ஏத்து. பிராசசரும் சேந்து ஓடும். தாங்குச்சுன்னா உன் யோகம். ஆனா நல்லா விளையாடிப் பாத்துட்டு நம்பு."

ஏற்றினான். கம்ப்யூட்டர் சிணுங்காமல் எழுந்தது. விளையாடிப் பார்க்கத்தான் வழியில்லை. வின்சிக்கு லீவு கிடைக்க வேண்டுமென்று, தவக்காலம் முழுக்க கார் ரேஸைத் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தான். கறியை விடுவதைவிட அது அவனுக்குக் கஷ்டம். கேள்வித்தாள்கள் மட்டும் அடித்தான். கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. தாங்கிவிட்டது என்றே நம்பினான்.

லீவும் கிடைத்தது. குருத்தோலை ஞாயிறு கழித்து வந்திறங்கினாள் வின்சி. மெலிந்திருந்தாள், பேச்சும் குறைந்திருந்தது.

பாஸ்கா அன்று சாப்பாடு முடிந்ததும் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தான். வெயில் கூரை ஓட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. முதல் சுற்று தண்ணீராக ஓடியது. அவள் முகம் மலரத் தொடங்கியபோது, வளைவில் கார் அப்படியே உறைந்தது.

"என்னங்க, நின்னுபோச்சு?"

"இந்தா, வந்துரும்."

மறுபடி ஓட்டினான், மறுபடி நின்றது. மெமரி வேகத்தை எண்பத்து மூன்றுக்கு இறக்கினான். கூட ஒரு சுற்று ஓடி நின்றது. அறுபத்தாறில் நிற்கவில்லை, ஆனால் பழைய நொண்டல்.

"விடுங்க, இருக்கட்டும்." அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அந்த 'விடுங்க' அவனுக்குச் சுருக்கென்றது.

பாஸ்கா விருந்துக்கு அழைத்திருந்த வீரபாண்டியன் அப்போதுதான் கடையை அடைத்துவிட்டு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒருசந்தி விரதம் நீ இருந்த, சரி. மெமரியவும் ஒருசந்தி போட்டுட்டு, நோவு நொடி இல்லாம இருக்குன்னா என்னடா அர்த்தம்? இன்னைக்குத்தான அது முத வேலையே பாக்குது!"

மூடியைக் கழற்றி மெமரியைத் தொட்டவன் சூட்டில் விரலை உதறிக்கொண்டான். பிறகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். வின்சி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, "தங்கச்சி, சோத்தை மூடி வைங்க, இந்தா வந்துர்றேன்" என்று டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளம்பினான்.

திரும்பி வந்தபோது சட்டைப் பையில் ஒரு மெமரி இருந்தது. "இது நூறுக்குன்னே செஞ்சது."

"உன் வீட்டுக் கம்ப்யூட்டர்ல உள்ளதுல்ல?"

"அது கெடக்கு. தங்கச்சி போறவரைக்கும் இங்குட்டு இருக்கட்டும். சோத்தப் போடுறியா இல்லியா?"

அன்று வீரபாண்டியன் சாப்பிட்டு முடிக்கும்வரை வண்டி நிற்கவே இல்லை. வின்சி ஓட்டினாள். வளைவில் போய் முட்டினாள். "பிரேக்கப் போடு, பிரேக்கப் போடு!" என்று ஜெரால்டு தன்னை மறந்து கத்தினான். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அங்கயும் தண்ணி மாதிரித்தாங்க ஓடுச்சு," என்றாள் மூச்சு வாங்கியபடி. "பக்கத்துல கத்தத்தான் ஆளில்ல."

அன்றைய மாலை ஜெபத்தில் ஜெரால்டு தன் தேவைகளுக்கு முன்னால் பாண்டியின் பெயரைச் சொன்னான்.

லீவு முடிந்தது. திருச்சியில் அவளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் காரைக்குடியில் இறங்கி, காலையிலேயே கழற்றி எடுத்துவந்த மெமரியைப் பாண்டியிடம் நீட்டினான்.

"வச்சுக்கடா, எனக்கு என்ன அவசரம்?"

"வேணாம் பாண்டி. அடுத்து அவ வரும்போது கேட்டு வாரேன்."

வீட்டில் பழைய மெமரியைப் பொருத்தி அறுபத்தாறில் வைத்தான். கார் நொண்டிக்கொண்டே வளைவை நெருங்கியது. அவன் விரல் பிரேக்கின்மேல் இருந்தது. அழுத்தாமல் ஒரு கணம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். கார் போய் முட்டியது.