கழுதைக்காரன் கொண்டுபோன சாபம்

கல்லிமேதேஸ் என் பழைய வாத்தியார். பாடத்தின் நடுவே ஒரு சந்தை வார்த்தை சொல்லிவிட்டேன் என்று என்னைப் பள்ளியைவிட்டு விரட்டியவர். இப்போது நான் ஸ்மிர்னா நகரத்து இடுகாட்டில் இரவுக் காவல். பகலில் ஈயத் தகட்டில் சாபம் எழுதிக் கொடுப்பேன். ஒரு மத்தியானம் முக்காடு போட்டுக்கொண்டு அவரே வந்தார்.

"நாளை அவையில் நிகாந்தரின் நா எழலாகாது. சாபம் வரைக."

மறுநாள் இவருக்கும் நிகாந்தருக்கும் சொற்போட்டி. ஜெயிப்பவருக்கு நகரப் பேச்சாசிரியர் பதவி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதென்ஸ்காரனைப் போல் பேச வேண்டும். ஒரு தெருவார்த்தை தவறி விழுந்தால் ஆள் காலி. இவர் கழிப்பறையில்கூட அப்படித்தான் பேசுவார்.

"பாதாள வேந்தே, நின்னைப் பணிந்து யான்..." என்று ஆரம்பித்தார். நான் எழுத்தாணியைக் கீழே வைத்தேன்.

"இது ஆகாது வாத்தியாரே."

"எக்காரணத்தால்?"

"சாபத்தைக் கீழ கொண்டுபோறது செத்தவன். அதுவும் அல்பாயுசுல போனவனா இருக்கணும். இப்ப இருக்கிறது மானெஸ் ஒருத்தன்தான். கழுதைக்காரன், கழுதை உதைச்சு செத்தான். நீங்க பேசுறது அவனுக்கு ஒரு எழவும் புரியாது."

"வேறு பிணம் இலதோ?"

"எண்பது வயசுக் கிழவி ஒருத்தி இருக்கா. நிம்மதியா போனவ. உங்களுக்காக அவ எதுக்கு ஓடணும்?"

"யான் அம்மொழி பேசேன்."

"அப்ப பதவி நிகாந்தருக்கு."

கொஞ்ச நேரம் தாடியைப் பிய்த்துக்கொண்டார். பிறகு முணுமுணுத்தார். "டேய் மானெஸு..."

"சத்தமா. அவன் செத்துட்டான்."

மூன்றாவது வரியில் அவருடைய அப்பாவின் மீன்கடைப் பேச்சு வெளியே வந்துவிட்டது. "டேய் மானெஸு, அந்தத் தடிமாடு நிகாந்தர் நாக்கைப் புடிச்சு இழுத்து முடிச்சுப் போடுடா! அவன் வாயைத் தொறந்தா கருவாட்டுக் கூடை கவுந்த மாதிரி நாறணும்!" தொடையைத் தட்டினார், எகிறினார். நாலு வருஷம் அவரிடம் படித்தேன், ஒருநாளும் சிரித்ததில்லை. அன்று எழுத முடியாமல் சிரித்தேன். தகட்டின் பின்பக்கமும் நிறைந்தது. அதைச் சுருட்டி ஆணி அடித்து, கல்லறையில் பால் ஊற்றும் குழாய் வழியே மானெஸிடம் போட்டேன்.

மறுநாள் நிகாந்தர் ஒரு பிசிறு இல்லாமல் பேசி உட்கார்ந்தார். அடுத்து இவர் எழுந்தார். முதல் இரண்டு வாக்கியம் பளிங்கு. மூன்றாவதில் நிகாந்தர் வேண்டுமென்றே கொட்டாவி விட்டார்.

"வாயை மூடுடா தடிமாடு, கருவாடு நாறுது!"

நடுவர்கள் அங்கியைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அரங்கின் மேல்படியில் துறைமுகக் கூலிகள் இன்னும் வேண்டும் என்று ஆர்ப்பரித்தார்கள். நானும்தான்.

பதவி நிகாந்தருக்குப் போனது. விடியற்காலையில் கல்லிமேதேஸ் இடுகாட்டுக்கு வந்தார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மண்டியிட்டு, குழாயில் வாயை வைத்து, மானெஸின் ஏழு தலைமுறையையும் அவனுக்குப் புரிகிற மொழியிலேயே திட்ட ஆரம்பித்தார். என் காவல் முடிந்திருந்தது. தூங்கப் போனேன்.