கேமராவில் ஒரு சூடான புள்ளி

பவளத்தின் கேமராவில் ஒரு புள்ளி தெரிந்தது. தெரியக் கூடாத இடத்தில், கொஞ்சமும் வெட்கமில்லாமல் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் கேமரா அது. நட்சத்திரங்கள் பிறக்கும் தூசு மேகங்களிலிருந்து வரும் அந்த ஒளியில் பெரும்பங்கைக் காற்றிலுள்ள ஈரம் குடித்துவிடும். அதனால் கேமரா பொருத்திய தொலைநோக்கியை ராட்சத பலூனில் கட்டி, அந்த ஈரத்துக்கும் மேலே அனுப்புவார்கள். பலூன் தளம் டெக்சஸில். மறுநாள் காலை இந்தக் கலிஃபோர்னியா ஆய்வகத்திலிருந்து லாரி கிளம்புகிறது. மாலைக்குள் புள்ளியின் காரணம் தெரியாவிட்டால் கேமரா இந்த வருடம் பறக்காது என்று குழுத்தலைவர் கேரன் சொல்லிவிட்டார்.

வருடக்கணக்கான உழைப்பு. வேறு யாராக இருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். பவளத்துக்கோ பயத்தை முந்திக்கொண்டு ஆசை வந்தது. யாரப்பா நீ, எங்கிருந்து வந்தாய் என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

கேமராவை வேறு பக்கம் திருப்பினாள். படத்தில் புள்ளி அசையவில்லை. வெளியே இருக்கும் பொருள் இல்லை என்று ஆயிற்று. கேமராவின் முன்னால் மாட்டியிருந்த உலோகக் கூம்பை மட்டும் திருகினாள். புள்ளியும் கூடவே நகர்ந்தது. மாட்டிக்கொண்டாயா!

கூம்பைக் கழற்றி டார்ச் அடித்தாள். கண்ணாடிபோல் மெருகேற்றிய உட்புறத்தில் மிளகளவு மஞ்சள் பூச்சு. மெருகேற்றிய உலோகம் வெப்பத்தை அதிகம் வெளியே விடாது; அதில் ஒட்டிய பூச்சு தாராளமாக விடும். முகர்ந்து பார்த்தாள். சந்தனம். நடுவில் துளி குங்குமம்.

அங்கே வேலை செய்யும் தமிழ் ஆள் அவள் ஒருத்திதான். ஆனால் போன வாரம் குடும்பத்தாருக்கு ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டிய நாளில் அவள் கணவன் நெடுஞ்செழியன் வந்திருந்தான். அப்பாவைப் போலவே சாமி என்றாலே சண்டைக்கு வருபவன். நண்பர்களோடு லிவர்மோர் கோயிலுக்குப் போனாலும் காரை விட்டு இறங்கமாட்டான். கேன்டீன் புளியோதரை மட்டும் காருக்கு வந்துவிட வேண்டும். அவன் ஆய்வகத்துக்கு வந்த அன்றைக்கு ஆயுத பூஜை. பவளம் போனை எடுத்தாள்.

"செழியன், கூம்புக்குப் பொட்டு வெச்சியா?"

"ஃப்ரீவேல கார் ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் பேசலாமா?"

"வெச்சியா, இல்லியா?"

"வெச்சேன்." குரல் உள்ளே போயிருந்தது. "எங்க ஆபீஸ்ல மாரிசாமி பூஜை பண்ணான். மிச்ச சந்தனத்தயும் குங்குமத்தயும் குடுத்தான். நீ காபி எடுக்கப் போனப்போ சும்மா ஒரு டச். எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத."

கேரனிடம் சொல்லாமல் முடியுமா? சொன்னாள். கேரன் விழுந்து விழுந்து சிரித்தார். கூம்பைத் துடைத்து மாட்டி மறுபடியும் படம் எடுத்தார்கள். புள்ளி இல்லை. கேமரா போகலாம் என்றார் கேரன்.

மறுநாள் காலை நெடுஞ்செழியன் லீவு போட்டுவிட்டு அவளோடு வந்தான். லாரியின் கதவைச் சாத்தினார்கள்.

"அப்ப, பொட்டு இல்லாமத்தான் மேல போகுதா?" என்றான்.

பவளத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றது. கேலியே இல்லை அதில்.

"பயமா இருக்கா?"

"நாலு வருஷமா நீ சரியாத் தூங்கல. நான் பாத்துட்டுதான இருக்கேன்? பலூன் கிழிஞ்சு விழுந்துட்டா என்ன பண்ணுவ? என்னால என்னடி பண்ண முடியும்?"

லாரி கேட்டைத் தாண்டியது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள், முதல்முறையாக.