கூடம் கோணல்தான்

வேல்விழிக்குத் தலைக்கனம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டுமே. தென்காசியில் ஒரு மாடி அறையில் மைக், கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர் என்று வைத்துக்கொண்டு தனியாகப் பாட்டுப் பதிவு செய்து பிழைக்கிற பெண்ணுக்கு அந்தக் கனமும் இல்லாவிட்டால், ஊதித் தள்ள ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அறை பத்துக்குப் பத்து. அந்த மாதிரிச் சின்ன அறையில் சத்தம் நேராகக் காதுக்கு வராது. சுவரில் முட்டித் திரும்பும், மூலையில் போய் வீங்கும். அதற்காகவே அவள் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தாள். அது அடிக்குரலிலிருந்து உச்சிவரை ‘ஊ’ என்று ஒரு சத்தத்தை ஸ்பீக்கரில் ஓட்டும். அளவு மைக் அதைக் கேட்கும். அறை எந்த இடத்தில் கூட்டிச் சொல்கிறது, எந்த இடத்தில் முழுங்குகிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப ஸ்பீக்கரைத் திருத்திவிடும். பங்குனியில் அவள் அளந்தபோது பின்பக்கத்து இரண்டு மூலைகளிலும் அண்ணன் இசக்கிராஜாவின் நெல் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அடிச்சத்தத்தை மூட்டைகள் வாங்கிக்கொண்டன. மென்பொருளும் அதையே இந்த அறையின் குணம் என்று எடுத்துக்கொண்டது.

வைகாசியில் நெல்லுக்கு விலை ஏறியது. இசக்கிராஜா ஆலங்குளத்தில் போலீஸ் ஏட்டு. வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தாலும் தனக்கு மட்டும்தான் என்ற நினைப்பு அவனுக்கு. அவள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்த நாளில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து மூட்டைகளை லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தவள் கோபப்பட்டிருக்க வேண்டும். அவளோ அறை விசாலமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். மறுபடி அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா இல்லை.

அந்தச் சந்தோஷத்திலேயே அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காகப் பாடகி மாரித்தாய் பாடிக் கொடுத்த பாட்டை எடுத்துச் சரிசெய்ய உட்கார்ந்தாள். மூட்டை இல்லாத அறையில் உறுமி மேளம் குமுறியது. குமுறியது அறைதான், அவளோ பாட்டு குமுறுகிறது என்று நினைத்தாள். அடிச்சத்தத்தைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள். கோயில் திடலில் பாக்ஸ் கட்டிப் போட்டுப் பார்த்த கமிட்டித் தலைவர் பிச்சைமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. உறுமி தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கிறது, திருநெல்வேலியில் பெரிய ஸ்டுடியோவிலேயே கொடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

சேதி ஆலங்குளத்துக்கு எட்ட அரை நாள் ஆகவில்லை. இசக்கிராஜா இதற்குத்தான் காத்திருந்தான். சாரல் தொடங்கியாயிற்று, குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தங்க இடமில்லாமல் அலைகிறார்கள், சனிக்கிழமை ஏஜெண்டைக் கூட்டி வருகிறேன், அறையைக் காலி செய் என்று போனில் சொன்னான். அறையில்தான் ஏதோ கோளாறு என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவன் சிரித்தான்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“கூடம் கோணல்தான்ணே. நான் அளந்து பாத்துத்தான் சொல்லுதேன்.”

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அப்போது அவள் அளந்திருக்கவில்லை. போனை வைத்த கையோடு பாட்டைப் போட்டுவிட்டு, மூட்டை இருந்த மூலையில் போய் நின்றாள். உறுமி நெஞ்சில் இடித்தது. நாற்காலிக்கு வந்தாள், வேறு மாதிரி இருந்தது. மூட்டை போனபிறகு அறையை அளக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பிச்சைமணியை அவளே கூப்பிட்டு, பிழை தன்னுடையது, மாரித்தாய் குரலில் ஒரு குறையும் இல்லை, ஞாயிறுவரை பொறுங்கள் என்றாள். பழியை மென்பொருளின் தலையில் கட்டியிருக்கலாம், அவரும் நம்பியிருப்பார்.

மறுநாள் வடகரைக்குப் போய்த் தென்னை நாரை மூட்டை மூட்டையாக அடைத்து லோடு ஆட்டோவில் கொண்டுவந்தாள். தானே தூக்கி மூலைகளில் அடுக்கி, சுவரில் கொக்கி அடித்துக் கம்பியால் இழுத்துக் கட்டினாள். இனி எவன் தூக்குகிறான் பார்ப்போம் என்று வாய்விட்டே சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்க்க வேர்க்க அளந்துகொண்டிருந்தாள். அளக்கும்போது ஈ பறந்தாலும் கணக்குத் தப்பும். இசக்கிராஜா ஏஜெண்டோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டில் இங்கே போடலாம், ஏசி அங்கே மாட்டலாம் என்று ஆரம்பித்தான். சத்தம் அதிகம், மறுபடி அளக்கவும் என்று திரை காட்டியது.

“அண்ணே, வாய மூடிட்டு நில்லு. இல்லன்னா வெளிய போ.”

ஊரையே அதட்டுகிறவன் திகைத்து நின்றான். ‘ஊ’ என்று சத்தம் தரையிலிருந்து கிளம்பி உச்சிக்கு ஏறி அடங்கியது. மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தாள், மறுபடி ஓட்டினாள். ஒன்பது இடங்களில் அளந்தாள். ஏஜெண்ட் மூன்றாவதிலேயே நழுவிவிட்டான். எல்லாம் முடிந்தபிறகு, பாட்டைக் கெடுத்தவளுக்கு இவ்வளவு வாயா என்று இசக்கிராஜா பல்லைக் கடித்தான்.

“கெடுத்தது நான்தான். அதுக்காவ ரூம் ஒனக்காயிராது.”

ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவள் திருத்திய பாட்டு ஞாயிறு சாயங்காலம் திடலில் ஒலித்தது. உறுமி அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. பிச்சைமணி இன்னொரு தடவை போடச் சொன்னார். கமிட்டிக்காரர்கள் திருநெல்வேலிப் பேச்சையே விட்டுவிட்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்று இசக்கிராஜாவும் கேட்டான்.

மறுநாள் காலையில் நேரே உள்ளே வந்தான். ஹெல்மெட்டை அவள் மேசையில் வைத்துவிட்டு, மூட்டையைத் தட்டிப் பார்த்தான். பெரிய மனசு பண்ணுகிற குரல் வந்தது.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. சரி, ரூம நீயே வச்சுக்க.”

இதற்கு அவள் குளிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவளுக்கு எரிந்தது.

“பாட்டு நல்லாருக்குன்னு நீ தர வேண்டாம். மோசமா வந்திருந்தாலும் இது என் ரூம்தான். இனிமே கதவத் தட்டிட்டு உள்ள வா.”

அவன் முகம் கறுத்தது. வந்த வேகத்திலேயே படியிறங்கிப் போனான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தபோதுதான் மேசையில் ஹெல்மெட்டைப் பார்த்தாள். கீழே பைக் உறுமியது, உடனே நின்றது. காலடிச் சத்தம் படியேறி வந்து வாசலில் கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு கதவு இரண்டு தடவை தட்டப்பட்டது.

“யாரு?” என்று கேட்டாள், யாரென்று தெரிந்தே.