கிளிப்பு வளைந்த பேனா

பெரிய எழுத்தாளர்கள் என்ன எழுதினார்கள் என்று கேட்டால் இவர்களுக்குத் தெரியாது. எந்தப் பேனாவால் எழுதினார்கள் என்று கேளுங்கள், சோறு தண்ணி இல்லாமல் பேசுவார்கள். எங்கள் ஊர் பேனா ஆர்வலர் மன்றத்தைத்தான் சொல்கிறேன். பழைய புகைப்படம் ஒன்றில் யாராவது எழுத்தாளர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தால் போதும், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுவார்கள். மூடியில் எத்தனை வளையம், நிப்பு எவ்வளவு அகலம், எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து மாடல். கண்டுபிடித்துவிட்டால் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் பெண்டாட்டியின் கண்ணாடி எங்கே என்று கேட்டால் தெரியாது.

தலைவருக்கு ஊரில் நிப்பு சார் என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் பல் டாக்டர். நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோலவே பேனாவின் வாயையும் பார்ப்பார், அதே முகச்சுளிப்போடு.

இவர்கள் எப்படியோ போகட்டும் என்றுதான் இருந்தேன். நூலக மாடியில் கண்காட்சி வைக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும் அவர்கள் விவகாரம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

என் அப்பா புகைப்படக்காரர். இப்போது ஸ்டுடியோவை நான்தான் பார்க்கிறேன், பாஸ்போர்ட் போட்டோவாக எடுத்துத் தள்ளிக்கொண்டு. அப்பா காலத்தில் எழுத்தாளர் என்று பேர் வாங்கிய அத்தனை பேரும் எங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். புத்தகங்களின் பின்னட்டையில் நீங்கள் பார்க்கும் அந்த முகங்கள் எல்லாம் அப்பா எடுத்தவை. ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. பதிப்பாளர்கள் போடவில்லை, இவரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் முதலில் பின்னட்டையைத்தான் திருப்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு மெல்ல மூடி வைப்பார்.

"பாப்பா, நான் எடுத்த படங்களத்தான் வெக்கிறாங்களாம். கீழ என் பேரு போடுவாங்களான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடு" என்றார். கண் மங்கிப்போன மனுஷன். கடைசியில் வாய் விட்டுக் கேட்டது இதை மட்டும்தான்.

போனேன். நூலக மாடியில் கண்காட்சிக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்கக் கைகள். முகங்களை வெட்டி எறிந்துவிட்டு கை, பேனா, கொஞ்சம் சட்டை என்று கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். மூலையில் இருந்த எங்கள் ஸ்டுடியோ முத்திரையும் முகங்களோடு சேர்ந்து போயிருந்தது.

"பாத்தீங்களாம்மா?" என்று நிப்பு சார் ஆரம்பித்தார். "எல்லார் கையிலயும் ஒரே மாடல். அதவிட ஆச்சரியம் என்னன்னா, எல்லாப் பேனாவுலயும் கிளிப்பு ஒரே பக்கமா வளஞ்சிருக்கு. யோசிக்கும்போது கட்டவிரலால அழுத்தியிருக்காங்க. சிந்தனையாளர்களுக்கே உள்ள பழக்கம் இது. நான் கட்டுரையே எழுதியிருக்கேன்."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். எல்லார் கையிலும் ஒரே மாடல் இல்லை, ஒரே பேனா. எங்கள் மேஜை டிராயரில் கிடக்கும் பேனா. படம் எடுக்க வருகிற எழுத்தாளர்களில் பாதிப் பேர் பேனா கொண்டுவர மாட்டார்கள். ஒருவர் துண்டுப் பென்சிலோடு வந்தார். இன்னொருவர் பேனாவை நூல் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். அதனால் அப்பா எங்கள் பேனாவையே எல்லார் கையிலும் திணித்துவிடுவார். வெள்ளைச் சட்டையில் கசிந்துவிடும் என்று அதில் மை ஊற்றியதே இல்லை. கிளிப்பு வளைந்தது சிந்தனையால் அல்ல. இருட்டறையில் படம் கழுவும் மருந்து டப்பாவின் மூடியை அப்பா அதால்தான் நெம்புவார்.

அதை எல்லாம் சொல்லாமல் வந்த வேலையைக் கேட்டேன். "சார், இந்தப் படமெல்லாம் எங்கப்பா எடுத்தது. கீழ அவர் பேரப் போடணும்."

"இங்க பேனாதாம்மா முக்கியம். படம் யாரோ ஒருத்தர் பட்டன அழுத்தி எடுத்திருப்பாரு. அதயெல்லாம் போட்டுட்டிருந்தா இடம் பத்தாது."

யாரோ ஒருத்தராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு தடவ எங்க ஸ்டுடியோவுக்கு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நிப்பு சார் பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா டிராயரைத் துழாவிப் பேனாவை எடுத்து நீட்டி, நடந்ததை அப்படியே சொன்னார், மருந்து டப்பா உட்பட. நிப்பு சார் முகத்தில் ஈயாடவில்லை. பல் டாக்டர் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "மை பட்ட அடையாளமே இல்ல" என்றார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. நிப்பு சார் கைக்குட்டையை விரித்துப் பேனாவை வாங்கி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். "அப்ப இவங்க அத்தன பேரும் தொட்டது இந்த ஒரே பேனாவையா! ஐயா, இதுக்கு ஈடே கிடையாது!" ஓர் எழுத்துகூட எழுதாத பேனா, எழுதிய பேனாக்களை எல்லாம் தாண்டிப் போய்விட்டது. இவர்களை எதில் சேர்ப்பது?

"கண்காட்சிக்குக் குடுங்கய்யா" என்றார்.

"அப்பா பேரு போட்டாத்தான்" என்றேன் நான்.

"கட்டாயம் போடறோம்மா. வாக்குக் குடுக்கறேன்."

அப்பா பேனாவைத் திரும்ப வாங்கிச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தார்.

திறப்பு நாளில் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். நடுவில் கண்ணாடிப் பெட்டி, வெல்வெட் துணி, அதன்மேல் எங்கள் பேனா. கீழே சின்ன எழுத்தில் 'முன்னாள் உரிமையாளர்' என்று அப்பாவின் பெயர். சுவரில் இருந்த படங்களுக்கு அடியில் கம்பெனி, மாடல், நிப்பின் அகலம், வருஷம். அவ்வளவுதான்.

அப்பா பெட்டிப் பக்கமே போகவில்லை. முதல் படத்தின் அடியில் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து தேடினார். "இதுல காணோம் பாப்பா. அடுத்ததுல இருக்கும்" என்று நகர்ந்தார். அதிலும் குனிந்தார். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் எனக்கு அழத் தெரியாது, கோபம்தான் வரும்.

"என்ன சார் இது?"

"பேரு போட்டாச்சேம்மா" என்று நிப்பு சார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் சட்டைப் பையில் தடியாக ஒரு பேனா செருகியிருந்தது, வந்தவர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காக. அதை உருவினேன். மூடியைக் கழற்றினேன். முதல் படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை அட்டையில் 'படம் எடுத்தவர்' என்று எழுதி அப்பா பெயரை எழுதினேன். அடுத்த படத்திலும் எழுதினேன்.

"ஐயையோ, நிப்பு!" என்று அவர் அலறினார். "அழுத்தாதீங்க! சாய்ச்சுப் பிடிங்கம்மா, சாய்ச்சு!"

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் இன்னும் அழுத்தினேன். சொரசொரப்பான அட்டையில் நிப்பு கிறீச்சிட்டது. பல் டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல பேனா. கடைசிப் படம்வரை திக்காமல் எழுதியது.

முடித்துத் திரும்பினால் அப்பா பின்னாலேயே ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். யாரிடமும் சண்டைக்குப் போகாத மனுஷன், என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஈரம் காயாத எழுத்தருகே முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இனிஷியல விட்டுட்ட" என்றார். "எல்லாத்துலயும் போடு."