பட்டன் பாம்பு

பலூனுக்குள்ள மாவு அடைச்சுப் பாத்திருக்கீங்களா? பாக்க சின்ன வேலையாத் தெரியும். தண்ணி பாட்டிலோட கழுத்த வெட்டி, புனல் மாதிரி கவுத்து, பலூன் வாய அதுல மாட்டி, பென்சிலால குத்திக் குத்தி மாவ எறக்கணும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் மூஞ்சி பூரா மாவுதான். மொத நாள் நானும் என் பொண்டாட்டியும் வெள்ளையடிச்ச சுவரு மாதிரி ஆயிட்டோம். ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம். அப்பல்லாம் சிரிப்பு வந்துச்சு.

எல்லாம் எங்க பொண்ணு குட்டிக்காகத்தான். அவளுக்கு ஏழு வயசு. பேச்சு வரல. அதக்கூட விடுங்க. கை சும்மா இருந்தா தன் மணிக்கட்டையே கடிச்சுக்குவா. கடிச்ச எடத்துலயே திரும்பத் திரும்பக் கடிச்சு, அங்க தோல் செருப்பு மாதிரி தடிச்சுப்போச்சு. கைக்கு ஏதாவது வேலை குடுங்க, பிசையற மாதிரி, உருட்டற மாதிரின்னு டாக்டர் சொன்னாரு. கடையில ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். அவ அதத் திரும்பிக்கூடப் பாக்கல. சரி, நாமளே செஞ்சு பாப்போம்னு எறங்கினோம்.

மாவு பலூன கடிச்சுத் துப்பிட்டா. பழைய ஜிப்பையெல்லாம் வரிசையா வச்சு என் பொண்டாட்டி ஒரு துணி தச்சா. குட்டி ஒரு ஜிப்ப ஒரு தடவ இழுத்துட்டு, போதும்னு எந்திரிச்சுப் போயிட்டா. பாட்டில்ல தண்ணி ஊத்தி ஜிகினா போட்டுக் குடுத்தோம். அத நாங்கதான் குலுக்கிக் குலுக்கி வேடிக்கை பாத்துட்டிருந்தோம்.

கடைசியில நின்னது பாம்புதான்.

நாங்க ரெண்டு பேரும் ஒரே லாண்டிரியில வேலை. ஓட்டல் துணியெல்லாம் அங்கதான் வரும். நான் பெட்ஷீட்ட உருளை மெஷின்ல விட்டு இஸ்திரி போடுற ஆளு, இவ துவைக்கிற பக்கம். துணி காயவைக்கிற மெஷினுக்கு அடியில ஒரு வலை இருக்கும், பஞ்சு புடிக்க. அதச் சுத்தம் பண்ணும்போது யார் யாரோ சட்டையிலேருந்து விழுந்த பட்டனெல்லாம் கிடைக்கும். இவ அதப் பொறுக்கி பொறுக்கி ஒரு டப்பா ரொப்பி வச்சிருந்தா. கிழிஞ்சுபோன டவல் ஒண்ண நீளமா குழாய் மாதிரி தச்சு, உள்ள பட்டன கொட்டி, ரெண்டு பக்கமும் முடிச்சு போட்டா. முடிச்சு கடிக்கறதுக்கு, நடுவுல உருட்டறதுக்கு. குட்டி அத காதுகிட்ட வச்சு விரலால உருட்டினா. உள்ள பட்டன் ஒண்ணோட ஒண்ணு உரசுற சத்தம். அப்படியே உக்காந்துட்டா. மணிக்கட்டு பக்கம் வாய் போகல. இவ அடுப்ப அணைச்சுட்டு வந்து சுவர்ல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

அதுக்கப்புறம் பாம்பு இல்லாம குட்டி இல்ல. சாப்பிடும்போது மடியில, தூங்கும்போது கன்னத்துக்கு அடியில.

இப்ப விஷயத்துக்கு வரேன். இவ காலை ஷிஃப்ட், நான் சாயங்கால ஷிஃப்ட். அப்படித்தான் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வீட்ல இருந்து புள்ளையப் பாத்துக்கிட்டோம். திடீர்னு சூப்பர்வைசர் கூப்பிட்டு, மாசம் பொறந்தா ஒரே ஷிஃப்ட்தான், எல்லாரும் காலையில வந்துடுங்கன்னுட்டாரு. ஒரு சம்பளத்துல வீட்டு வாடகை கூட கட்ட முடியாது. பகல்ல குட்டிய யாரு பாக்கறது?

இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னு பக்கத்துல ஒரு பகல் பள்ளிக்கூடம் இருக்கு. ஒரே ஒரு எடம் காலியாச்சு. மாசக் கடைசி நாள் ஒரு காலைப்பொழுது புள்ளைய அங்க விட்டுப் பாப்பாங்க. தன்னையும் கடிச்சுக்காம, அடுத்தவங்களையும் கடிக்காம இருந்தா எடம். புள்ளைய எது அமைதிப்படுத்துதோ அதக் கொண்டு வாங்கன்னு டீச்சரம்மா சொல்லியிருந்தாங்க.

எடம் கிடைக்கலன்னா என்னன்னு எங்க அக்கா முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. ஊர்லேருந்து வந்திருந்தாங்க. திரும்பிப் போறதுக்கு ரெண்டு டிக்கெட் போட்டு வச்சிருந்தாங்க, ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு குட்டிக்கு. எடம் கிடைச்சா அவளோடத ரத்து பண்ணிக்கலாம்னாங்க. அக்கா நல்லவங்கதான், வாய்தான் சும்மா இருக்காது. வந்த அன்னைக்கே பாம்ப மோந்து பாத்துட்டு, செத்த எலிய ஊறவச்ச மாதிரி நாறுதேடா, இதையா புள்ள வாயில வைக்குதுன்னு கேட்டாங்க. இவளுக்கு பாம்பாட்டின்னு பேர் வச்சுட்டாங்க. "பாம்பாட்டி, ஒரு டீ போடும்மா"ன்னுதான் கூப்பிடுவாங்க. இவ சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடுப்பா. ஆனா அந்த செத்த எலி இவ மனசுல தச்சுடுச்சு.

அக்காகிட்ட அனுப்பறதுல என்ன கஷ்டம்னு நீங்க நினைக்கலாம். எத்தனையோ பேர் புள்ளைங்கள ஊர்ல விட்டுட்டு வந்து போன்ல பேசிக்கிறாங்க. குட்டிக்கு அது வேலைக்காவாது. முன்ன ஒரு தடவ நான் வேற ஊர்ல வேலைக்குப் போயிருந்தப்ப இவ தினமும் போனக் காட்டுவா. குட்டிக்கு அது வெளிச்சம் வர்ற பலகை, அவ்வளவுதான். தள்ளி விட்டுடுவா. நான் திரும்பி வந்தப்ப என்னையும் தள்ளி விட்டா. பக்கத்துல உக்கார விடறதுக்கே ரொம்ப நாளாச்சு. அவளுக்கு ஆளுன்னா கைக்கு எட்டணும். எட்டலன்னா அந்த ஆளு இல்ல.

பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு மொத நாள் காலையில குட்டி தூங்கும்போதே இவ பாம்ப எடுத்து பையில போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டா. எந்திரிச்சதுலேருந்து குட்டி தேடினா. கட்டிலுக்கு அடியில, ஷூவுக்குள்ள, அக்காவோட முந்தானைக்குள்ள. கத்தினா, கடிச்சுக்கிட்டா. அக்கா அவ கைய தன் கைக்குள்ள வச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தாங்க. அன்னைக்கு ஒரு கிண்டலும் பண்ணல.

இவ வந்தா. பையத் தொறந்து காட்டினா. பாம்பு பளிச்சுன்னு இருந்துச்சு. ஓட்டல் டவலுக்குப் போடுற மருந்து, வாசனை தண்ணி எல்லாம் போட்டு ரெண்டு தடவ துவைச்சிருக்கா. "நாறப் பொருளக் குடுத்து அனுப்பியிருக்காங்கன்னு அங்க ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க"ன்னா. நானும் வாங்கிப் பாத்துட்டு, அடேயப்பா, புதுசு மாதிரி இருக்கேன்னேன். அக்காவும், இப்பதான் பாக்கற மாதிரி இருக்குன்னாங்க. உடனே குட்டிகிட்ட குடுக்க இவளுக்கு மனசு வரல. மறுபடி அழுக்காயிடும். தவிர, ஒரு நாள் பிரிஞ்சிருந்தா நாளைக்கு அங்க போய்க் குடுக்கும்போது ஆசையா புடிச்சுக்குவா, வேற பக்கம் திரும்பமாட்டான்னு கணக்கு போட்டா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

மறுநாள் லீவு போட்டுட்டு ரெண்டு பேரும் கூட்டிட்டுப் போனோம். நல்ல ரூம். தரையில பாய், சின்னச் சின்ன நாற்காலி, வெளிச்சம். ரெண்டு புள்ளைங்க அதுங்க பாட்டுக்கு விளையாடிட்டிருந்துச்சு. குட்டி ஜன்னல்கிட்ட நின்னு திரைச்சீலைய தடவிப் பாத்தா. டீச்சரம்மா என்னைப் பாத்துத் தலையாட்டினாங்க.

கொஞ்ச நேரத்துல குட்டியோட கை மெதுவா வாய் பக்கம் போச்சு. இவ சட்டுனு பாம்ப எடுத்து நீட்டினா.

குட்டி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. காதுகிட்ட வைக்கல. மூக்குகிட்ட கொண்டு போனா. மோந்தா. திருப்பி, இன்னொரு முடிச்ச மோந்தா. அப்புறம் அத ரொம்பப் பதவிசா தரையில வச்சா, அடுத்தவங்க சாமான வைக்கற மாதிரி. வச்சுட்டு நேரா இவ பைகிட்ட வந்தா. அவளோட பாம்பத் தேட ஆரம்பிச்சா. தண்ணி பாட்டில், துண்டு, மாத்துத் துணி எல்லாத்தையும் எடுத்து வெளிய போட்டா. பையக் கவுத்து உதறினா. உள்ள கைய விட்டு மூலை மூலையாத் தடவினா. பை காலி. அம்மா மூஞ்சியப் பாத்தா. இவ பாம்ப எடுத்து, இதுதாம்மா, இதுதாண்டா தங்கம்னு மறுபடி நீட்டுறா. குட்டி கத்தின கத்துல மத்த புள்ளைங்க ரெண்டும் காதப் பொத்திக்கிச்சு. டீச்சரம்மா தூக்கலாம்னு கைய நீட்டினாங்க. அந்தக் கையதான் கடிச்சா. விடல. நானும் இவளும் சேர்ந்து விடுவிக்க வேண்டியதாப் போச்சு. ரத்தம் வந்துடுச்சு.

அந்தம்மா கோபப்படல. கையக் கழுவிட்டு வந்து, ரெண்டே பேருதான் இங்க பாத்துக்கறோம், இப்ப முடியாது, அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொன்னாங்க. நான் வெளிய வந்தும் விடல. துவைச்சதுல வாசனை போயிடுச்சும்மா, அதான் இப்படி, இன்னொரு நாள் குடுங்கன்னு கெஞ்சினேன். அடுத்த புள்ள வாசல்ல அதோட அப்பாவோட நின்னுட்டிருந்துச்சு. டீச்சரம்மா அந்தப் பக்கம் பாத்தாங்க. நான் நகந்துக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவத் தொறந்தாங்க. எங்க மூஞ்சியப் பாத்தாங்க. குட்டிய வாங்கிக்கிட்டு உள்ள போனாங்க. அழுது அழுது அவ தூங்கிட்டா. அவ துணியையெல்லாம் அக்கா ஒண்ணொண்ணா மடிச்சு பெட்டியில வைக்கற சத்தம் கேட்டுச்சு.

இவ சமையக்கட்டுத் தரையில உக்காந்து பாம்ப மோந்து பாத்தா. "நான்தாங்க துவைச்சேன்"னா.

அதனால இல்ல, புது எடம், புது ஆளுங்க, அவ பயந்துட்டான்னு சொன்னேன். இவ காதுல போட்டுக்கல. பாம்ப கழுத்துல தேச்சா, அக்குள்ல வச்சு இடுக்கிக்கிட்டா. தரையில உருட்டினா. அப்புறம் முடிச்ச வாயில வச்சு மெல்ல ஆரம்பிச்சா. குட்டி எப்படி ஒரு பக்கமா வச்சு மெல்லுவாளோ அப்படியே. எச்சில் தாடையில வழியுது, தொடைக்கல. நான் புடுங்கப் பாத்தேன், விடல.

அக்கா வந்து பாத்தாங்க. பாத்துட்டு கீழ உக்காந்தாங்க. முட்டி வலிக்கு தரையிலயே உக்காராதவங்க.

"விடும்மா, பல்லு போயிடும்"னாங்க.

"அண்ணி, போன்ல என்னைய அவளுக்குத் தெரியாது."

"தெரியும். நான் தினமும் காட்டுறேன்."

"தெரியாது அண்ணி. நான் செத்துட்டேன்னு நினைச்சுக்குவா. அதக்கூட நினைக்கமாட்டா."

அக்கா முந்தானையால இவ வாயத் தொடைச்சு விட்டாங்க. அந்த மருந்து வாடை அவங்களுக்கும் அடிச்சிருக்கணும், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அடுப்புல வச்ச பால் பொங்கி வழிஞ்சுது. யாரும் எந்திரிக்கல.

மறுநாள் காலையில டாக்ஸி வந்துச்சு. குட்டி தானா ஏறி ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டா. அக்கா பக்கத்துல ஏறி கதவச் சாத்தினாங்க. குட்டி திரும்பிப் பாக்கல. வண்டி போனதுக்கப்புறம் நானும் இவளும் ஒரே பஸ்ல வேலைக்குப் போனோம்.