நீல டேப் ஒட்டிய இடங்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை என் அப்பாவைக் கேலி செய்வதற்காகத்தான் தொடங்கினேன். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலருக்கு ஒரு கதை கேட்டார்கள். வீட்டில் அப்பா இருந்தார். செலவில்லாத மூலப்பொருள்.

பிரதியை முதலில் வாசித்தவர் அம்மா. பெயர் மரியமலர். டண்டினொங் என்ற எங்கள் புறநகரில் பேருந்து கட்டும் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடமாகப் பெயின்ற் பரிசோதகர். வெள்ளைப் பருத்திக் கையுறையோடு தகடுகளைத் தடவிப் பார்ப்பார். குறை கண்ட இடத்தில் ஒரு துண்டு நீல டேப். டேப் இருக்கும் வரை அந்தப் பேருந்து தெருவுக்குப் போகாது.

என் பிரதியையும் அப்படித்தான் பார்த்தார். டேப்பில் அவர் எழுதியவற்றை ஒட்டிய இடத்திலேயே விட்டிருக்கிறேன். எடுத்தால் கடதாசி கிழிகிறது.

2

தொடக்கம் ஒன்று: மனிதன் வாங்கும் பொருள்களில் கார் ஒன்றுதான், வாங்கிய வாசலைத் தாண்டும்போதே தன் மதிப்பில்

(வேண்டாம். இது கட்டுரை. இதைப் படிப்பவர் நேரே விளம்பரப் பக்கத்துக்குப் போய்விடுவார்.)

தொடக்கம் இரண்டு: அன்று டண்டினொங்கின் வானம்

(டண்டினொங்கின் வானத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.)

தொடக்கம் மூன்று: என் தொடைகள்.

இது சரி. இதிலிருந்தே போவோம்.

3

என் தொடைகள் பதினொரு வருடம் பிளாஸ்டிக்கில் வளர்ந்தவை. 2013இல் அப்பா ஒரு வெள்ளைக் கொரோலா வாங்கினார், புதிதாக. இருக்கைகளில் இருந்த பிளாஸ்டிக்கை அவர் கழற்றவில்லை. அது கிழிந்தபோது இன்னும் தடித்த பிளாஸ்டிக் வாங்கி, அளவெடுத்து, தானே தைத்துப் போட்டார்.

"விக்கேக்க தெரியும் இதின்ர அருமை," என்பார்.

இங்கே கோடையான ஜனவரியில், நாற்பது பாகை வெயிலில், காரைவிட்டு இறங்கும்போது என் தொடைகள் இருக்கையைப் பிரிய மறுத்து எழுப்பும் ஓசையை எழுத்தில் கொண்டுவர மூன்று இரவு முயன்றேன். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள் இருந்தும் முடியவில்லை.

காருக்குள் சாப்பாடு கிடையாது. இறைச்சி அடைத்துப் பொரித்த ரோல்ஸ் வாங்கினால் கடை வாசலில் நின்று தின்றுவிட்டு, கையைத் துடைத்து, அப்பாவிடம் காட்டிவிட்டு ஏற வேண்டும். மழை வந்தால் நனைந்துகொண்டு தின்போம். நாங்கள் அந்தக் காரில் பயணம் செய்யவில்லை. அதை யாரோ ஒருவருக்காகப் பத்திரமாக வைத்திருந்தோம்.

[நீல டேப்: மழைக்க நிண்டு திண்டது ஒரு தரம்தான். கூட்டி எழுதாதே.]

4

கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டும் என்பார்கள். எங்களுக்கு அதைத் தொழிற்சாலை ஏற்பாடு செய்து கொடுத்தது. ஓகஸ்ட்டிலிருந்து நகரத்தின் மேற்குப் பக்கம் மாறுகிறார்கள். வீட்டிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அதிகாலை ஐந்துக்கு வேலை. அந்த நேரத்துக்கு அங்கே போய்ச் சேர ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

கொரோலாவோ இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. எஞ்சின் சூடேறி, ஏற்றத்தில் கியர் மாறும்போது ஓர் உதறல் உதறும். "ஒரு வருஷம் ஓடலாம், ஒரு கிழமையும் ஓடலாம்," என்றார் மெக்கானிக். நடுவழியில் நின்றால் அம்மாவுக்கு அந்த வேலை போகும். ஐம்பத்தாறு வயதில் இன்னொரு வேலை எளிதில் வராது.

அம்மாவின் சேமிப்பு பதின்மூவாயிரம் டொலர். பார்த்து வைத்திருந்த 2019 கொரோலா, பதினேழாயிரத்து ஐந்நூறு. கடன் எடுக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். வீட்டுக் கடன் ஒன்று போதும். ஆக, பழைய காரை டீலரிடம் கொடுத்து நாலாயிரத்து ஐந்நூறு எடுக்க வேண்டும்.

"ஆறு தருவான்," என்றார் அப்பா. "அங்க ஜெகதீஷ் எண்டு ஒரு பெடியன் நிக்கிறான். இந்தியாதான், எண்டாலும் தமிழ். எங்கட ஆள்."

தமிழன் என்பதால் நல்ல விலை தருவான் என்று நம்பும் ஓர் இனத்தைப் பற்றிப் பெரிய நாவல் எழுதலாம். எனக்கு இடம் இல்லை.

5

சனிக்கிழமை காலை டீலரின் தெருவுக்கு வந்தும் உள்ளே போகவில்லை. மூலையில் இருந்த தேநீர்க் கடையில் நாற்பது நிமிடம் இருந்தோம். எஞ்சின் ஆற வேண்டும்.

"கியர்பொக்ஸைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கப்படாது," என்றார் அப்பா. "கேட்டாத்தான் சொல்லோணும். கேளாட்டிப் பொய் இல்லை. டேய் றிஷி, விளங்கிச்சோ?"

"ஓகே, டாட்."

அம்மா தேநீரைக் குடித்தார். அவரை நான் இந்தக் கதையில் பாத்திரமாகச் சேர்த்திருக்கவில்லை. கையில் பையோடு பக்கத்தில் ஓர் ஆள், அவ்வளவுதான். அந்தப் பிழை என்னுடையது. அப்பாவும் அதே பிழையைச் செய்தார், ஜெகதீஷும் செய்தார்.

6

ஜெகதீஷைக் கெட்டவராக எழுத மூன்று தடவை முயன்றேன். கழுத்தில் மொத்தமான சங்கிலி போட்டேன். கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். கோணல் சிரிப்பு ஒன்று

[நீல டேப்: அந்தப் பிள்ளை சங்கிலி போடேல்ல. வந்த உடன எனக்குக் கதிரையும் தண்ணியும் தந்தது.]

சரி. முப்பது வயது, கோயம்புத்தூர், நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. உண்மையைச் சொன்னால், அவர் ஒரு மேதை. கார் விலை குறைக்கும் கலையில் அவர் செய்ததைப் பார்த்து, எழுதுகிறவன் என்ற முறையில் நான் பொறாமைப்பட்டேன்.

அவர் காரைச் சுற்றி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பின் கதவில் ஒரு கீறல். நின்றார். குனிந்தார். ஒரு விரலால் மெல்லத் தொட்டார். நிமிர்ந்தார். அவ்வளவுதான்.

"அது சேர்ச் பார்க்கிங்கில நடந்தது," என்றார் அப்பா.

யாரும் கேட்கவில்லை.

முன் பம்பர். நின்றார், தொட்டார்.

"அதில என்ர பிழையும் கொஞ்சம் இருக்கு."

அடுத்து அவர் நின்றது எஞ்சின் மூடிக்கு, அதாவது பானெற்றுக்கு, முன்னால். அங்கே ஒன்றுமே இல்லை. அப்பாவும் பார்த்தார். அரை நிமிடம் போனது.

"வெயிலுக்கு மங்கினதைச் சொல்லுறீங்களோ, தம்பி?"

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்கூட அப்பா இவ்வளவு சொல்லமாட்டார். சேமிப்பு பதின்மூவாயிரம் என்பதைக்கூட, யாரும் கேளாமலே, சொல்லிவிட்டார். கியர்பொக்ஸ் ஒன்றுதான் மிச்சம்.

பிறகு அப்பா தன் ஆயுதத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோல்.

"இப்ப பாருங்கோ, தம்பி."

ஓட்டுநர் இருக்கையின் பிளாஸ்டிக்கை ஓரத்தில் வெட்டி, மெதுவாக உரித்தார். பிறகு மற்ற இருக்கைகளிலும். உள்ளே சாம்பல் நிறத் துணி, 2013இல் இருந்தபடியே. புதுக் கார் வாசனைகூட வந்தது. நானும் முதல் தடவையாகப் பார்த்தேன். எங்கள் கார் அழகான கார்.

"அங்கிள், சத்தியமா இப்படி ஒரு சீட்ட நான் பார்த்ததே இல்ல," என்றார் ஜெகதீஷ். பொய் இல்லை, குரலில் மரியாதை இருந்தது. போனில் விலை கணக்கிடும் செயலியைத் திறந்து 'நன்று' என்பதை அழுத்தினார்.

"நன்றுக்கு மேல ஒண்டும் இல்லையோ?"

"இல்லங்க அங்கிள். நன்று, சுமார், மோசம். மூணுதான் குடுத்திருக்காங்க."

காரை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவைச் சுற்றி வந்தார். ஆறிய எஞ்சின், மேடு இல்லாத தெரு. கார் குழந்தைபோல ஓடியது. திரும்பி வந்து விலை சொன்னார்.

இரண்டாயிரத்து இருநூறு.

"பிளாஸ்டிக்?" என்றார் அப்பா.

"சிஸ்டம் வருஷத்தையும் கிலோமீட்டரையும்தான் பாக்குது, அங்கிள். பிளாஸ்டிக்குக்கு அதுல இடமே இல்ல."

அப்பா உரித்த பிளாஸ்டிக்கை எடுத்து நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

இந்த இடத்தில் கேலி வேலை செய்யவில்லை. இரண்டு நகைச்சுவை எழுதினேன், இரண்டையும் அழித்துவிட்டேன். அப்பா பதினொரு வருடம் யாருக்காகவோ ஒரு நல்ல காரியம் செய்தார். அந்த யாரோ கடைசியில் ஒரு செயலி.

[நீல டேப் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு விரல் அடையாளம் மட்டும் இருக்கிறது.]

7

அம்மா எழுந்தார். கைப்பையைத் திறந்து நீல டேப் உருளையை எடுத்தார், வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டார். நாங்கள் வாங்க வந்த 2019 கொரோலாவின் பக்கம் போனார். சுற்றத் தொடங்கினார்.

ஒரு வார்த்தை பேசவில்லை.

வலது பக்கம் போகும்போது உள்ளங்கை தகட்டைவிட்டு எழவேயில்லை. பின் சில்லுக்கு மேலே நின்றார். கண்ணை மூடினார். ஒரு துண்டு நீல டேப் கிழித்து ஒட்டினார்.

"அது சும்மா ஷாப்பிங் சென்டர்ல தள்ளுவண்டி பட்டது, ஆன்ட்டி," என்றார் ஜெகதீஷ்.

யாரும் கேட்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மடிப்பதை நிறுத்தியிருந்தார்.

இரண்டாவது டேப். மூன்றாவது. அம்மா பின்னால் போனார்.

"பம்பர் லைட்டா டச்-அப் பண்ணினோம்."

ஏழாவது. இடது பின் கதவில் அம்மா அதிக நேரம் நின்றார். கதவுக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளியை விரல் நுனியால் மேலிருந்து கீழே அளந்தார். ஜெகதீஷ் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"ஆன்ட்டி, அதுக்கு ரிப்போர்ட் இருக்கு. நானே காட்டணும்னுதான் இருந்தேன்."

"இந்தக் கதவு வேற காரின்ர, தம்பி. பெயின்ற்றும் பக்டரியில அடிச்சதில்லை. அடிச்சவர் நல்ல கைகாரன்தான், ஆனா அவசரப்பட்டிட்டார்." இன்னொரு டேப் ஒட்டினார். "பயப்பிடாதேங்கோ. உள்ளுக்க எலும்புச் சட்டம் நேராத்தான் இருக்கு. கார் நல்ல கார்."

மொத்தம் பதினொரு டேப். அந்த வெள்ளி நிறக் கார் ஏதோ திருவிழாவுக்குச் சோடித்ததுபோல நின்றது. வேறு கார் பார்க்க வந்த ஒரு தம்பதி, பக்கத்தில் வந்து, டேப்புகளை எண்ணத் தொடங்கினார்கள்.

ஜெகதீஷ் கண்ணாடி அறைக்குள் போய் மேனேஜரோடு பேசினார். மேனேஜர் எட்டி அம்மாவைப் பார்த்தார். இருபது நிமிடத்தில் ஜெகதீஷ் திரும்பி வந்தார்.

"பழைய வண்டிக்கு அதே ரெண்டாயிரத்து இருநூறுதான், சிஸ்டத்த மாத்த முடியாது. ஆனா இந்த வண்டிய பதினஞ்சாயிரத்து இருநூறுக்குத் தர்றோம். நீங்க கையில வச்சிருக்கறது கரெக்ட்டா போதும்." அம்மாவின் கையுறையைப் பார்த்தார். "ஆன்ட்டி, எங்க வேலை செய்றீங்க?"

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நல்ல முடிவு. பாத்திரங்கள் சிரிக்கலாம், தமிழ்ச் சங்கம் கைதட்டலாம். ஆனால் ஒரு படிவம் இருந்தது.

8

பழைய கார் அம்மாவின் பெயரில் பதிவாகியிருந்தது. கையெழுத்து அவர்தான் போட வேண்டும். எனக்குத் தெரிந்து, அந்த மாதிரிப் படிவத்தை முழுதாக வாசித்த முதல் ஆளும் அவர்தான்.

ஐந்தாவது வரி: உங்களுக்குத் தெரிந்த இயந்திரப் பழுது ஏதும் உண்டா? ஜெகதீஷ் முன்கூட்டியே 'இல்லை'யில் அடையாளம் போட்டு வைத்திருந்தார்.

அம்மா பேனாவை வைத்தார்.

"மலர்," என்றார் அப்பா, மிக மெல்ல.

"கேட்டாச் சொல்லோணும் எண்டு நீங்கதானே சொன்னனீங்கள். இதில கேட்டிருக்கு."

"கையெழுத்தைப் போட்டிட்டு வாருமன். ஓகஸ்ட்டில என்ன செய்யப் போறீர்?"

அம்மா எங்கள் வெள்ளைக் கொரோலாவுக்குப் போனார். கதவைத் திறந்தார். கையில் டேப் உருளை. ஒரு துண்டு கிழித்து, கியர் கம்பியின் தலையில் ஒட்டினார்.

"சூடேறினா ஏத்தத்தில உதறும், தம்பி. நீங்க ஓடினது ஆறின எஞ்சினில."

ஜெகதீஷ் டேப்பைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். (டண்டினொங்கின் வானம். பாருங்கள், கடைசியில் தேவைப்பட்டுவிட்டது.)

"ஏனம்மா?" என்றேன். என் தலைமுறையின் வழக்கப்படி ஆங்கிலத்தில்தான் கேட்டேன்.

"அந்தக் காருக்குப் பதினொண்டு ஒட்டினனான். எங்கட காருக்கு ஒண்டு ஒட்டாட்டி, பிறகு என்ன பரிசோதனை?"

9

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) ஜெகதீஷ் போனை எடுத்தார். 'இயந்திரப் பழுது: உண்டு' என்று அழுத்தினார். இரண்டாயிரத்து இருநூறு, ஐந்நூறானது; வெள்ளி நிறக் காருக்கு ஆயிரத்து எழுநூறு குறைந்தது. செயலிக்கு நேர்மைக்கும் இடம் இல்லை.

(ஆ) ஜெகதீஷ் கியர் கம்பியிலிருந்த டேப்பை உரித்து, மடித்து, தன் சட்டைப் பைக்குள் போட்டார். "நான் பாக்கல, ஆன்ட்டி," என்றார். அம்மா உடனே இன்னொரு துண்டு கிழித்தார்.

(இ) கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார். தன் கார்களுக்குப் பெயின்ற் பார்க்க இப்படி ஓர் ஆள்

[நீல டேப்: கதை விடாதே.]

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பிய காரில் நானும் இருந்தேன். சொல்லப்போவதில்லை. தடயம் மட்டும் தருகிறேன்: அம்மா ஓட்டினார். இருக்கைகளில் பிளாஸ்டிக் இல்லை. அப்பா வழியில் நிறுத்தச் சொல்லி ரோல்ஸ் வாங்கி வந்தார், காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, மடியில் தூள் கொட்டக் கொட்டத் தின்றார். பேசாமல் பின்னால் எனக்கும் ஒன்று நீட்டினார். இதிலிருந்து அது எந்தக் கார் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

[நீல டேப்: எனக்குத்தான் முதல் ரோல் தந்தவர். அதையும் எழுது.]

எழுதிவிட்டேன்.

மிச்சம் உங்கள் வேலை. கியர் கம்பியில் ஒரு துண்டு டேப் இருக்கிறது, பக்கத்தில் வெள்ளைக் கையுறையோடு ஒரு பெண் நிற்கிறார், ஓகஸ்ட் வர இன்னும் ஐந்து கிழமை. இப்போது மதிப்பீட்டாளர் நீங்கள்தான். சுற்றி வாருங்கள். பேசாமல் வாருங்கள். அப்பா இடையில் ஏதாவது சொல்லத் தொடங்குவார், கண்டுகொள்ளாதீர்கள்.

பிறகு ஒரு விலை சொல்லுங்கள்.